மகன் போனை விட மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?

கேள்வி (பேரணாம்பட்டு அம்மா):
மகன் ஒன்பதாம் வகுப்பு. இரவு ஒரு மணிக்கும் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது. பிடுங்கினால் சாப்பிட மாட்டான். எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, காலை ஏழு மணிக்கு பஸ். 2016-ல், ஜியோ வந்த புதிதில், ஐந்து வயதுப் பிள்ளைக்கு இட்லி ஊட்ட மாமியார் கையில் போனைக் கொடுத்துவிட்டுப் போனவள் நான்தான். அவன் அப்பா சவூதியில். அப்பாவின் முகத்தைப் பார்ப்பதும் அதே போனில். எப்படிப் பறிப்பது?

பதில் (காட்பாடி ஆசிரியர்):
பறிக்காதீர்கள் அக்கா, ஒளித்து வைப்பான். தனிமையில் இருக்கும் பிள்ளைக்கு போன்தான் துணை. என் மகள் கணக்கு கேட்டபோது நானே வாட்ஸ்அப்பிலிருந்து தலை நிமிரவில்லை. அவள் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் இரவில் எல்லார் போனையும் ஒரே இடத்தில் வையுங்கள், உங்களுடையதையும் சேர்த்து.

பதில் (குடியாத்தம் அண்ணன்):
தூக்கமும் படிப்பும் கெட்டால் தாமதிக்காதீர்கள் தங்கச்சி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014 முதல் தனிப் பிரிவு இருக்கிறது. பெற்றோரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள்.

பேரணாம்பட்டு அம்மா:
சரி அண்ணா. நேற்று இரவு என் போனை அரிசி டப்பா மேல் வைத்தேன். அவன் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் “அப்பா எப்பம்மா வருவாரு?” என்று கேட்டான்.