மேசைக்கு புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்: ஆம்ப் தனியாகவா, உள்ளேயேவா?

மெல்லிசை:
வணக்கம். கணினியில் பாட்டு கேட்க நல்ல ஜோடி ஸ்பீக்கர் தேடுகிறேன். மேசை சுவரை ஒட்டிக் கிடக்கிறது; காதுக்கும் ஸ்பீக்கருக்கும் இரண்டரை அடிதான் இருக்கும். சேனலுக்கு (ஒரு ஸ்பீக்கருக்கு) 100 வாட் தரும் ஆம்ப், அதாவது ஒலியைப் பெருக்கும் கருவி, இல்லாமல் புக்‌ஷெல்ஃப் எடுபடாது என்று கடையில் சொல்கிறார்கள். நிஜமா? இல்லை, யமஹா எச்எஸ்5 போல ஆம்ப் உள்ளேயே இருப்பதை வாங்கிவிடலாமா?

ஓம்விதி:
100 வாட் தேவையே இல்லை. சென்சிட்டிவிட்டி 86 டெசிபல் என்று போட்ட ஸ்பீக்கர், 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 தரும். இரண்டரை அடியில் அது 88 ஆகிவிடும், இரண்டு ஸ்பீக்கரும் சேர்ந்தால் 90ஐத் தாண்டும். 10 வாட் கொடுத்தால் 100க்கு மேல். அந்தச் சத்தத்தில் அரை மணி நேரம் உட்கார முடியாது. 50 வாட்டிலிருந்து 100க்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல்.

என் ஓட்டு எச்எஸ்5 வகைக்கு. வூஃபருக்கு (பாஸ் தரும் பெரிய கூம்பு) 45 வாட், ட்வீட்டருக்கு (ட்ரெபிள் தரும் சின்னது) 25 வாட் எனத் தனித்தனி ஆம்ப். பாஸையும் ட்ரெபிளையும் பிரிக்கும் வேலை ஆம்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது. எதற்கு எது பொருந்தும் என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பழையசெட்:
வாட் கணக்கு சரி சார், முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஆம்ப் போர்டு பெட்டிக்குள் இருந்தால், அது போன அன்று ஸ்பீக்கரும் போச்சு. அதே போர்டு கிடைக்கும்வரை ஒற்றை ஸ்பீக்கரோடு உட்கார வேண்டியதுதான். பாஸிவ் பெட்டியில், அதாவது ஆம்ப் உள்ளே இல்லாத ஸ்பீக்கரில், கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. வூஃபரின் ஓரத்து ரப்பர் விட்டால்கூட மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள்.

ஆம்புக்கு டிபிஏ3116 சிப் போட்ட சின்னப் பெட்டி போதும். மேலே என்ன வாட் அச்சடித்திருந்தாலும், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அந்தச் சிப்புக்குத் தரும் எண் 21 வோல்ட்டில், 4 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு, சேனலுக்கு 50 வாட். 8 ஓமில் இன்னும் குறையும். நீங்கள் போட்ட கணக்குப்படியே அது தாராளம்.

இன்னொன்று, ஹிஸ். ஆம்ப் உள்ளேயே இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் பாட்டு ஓடாதபோதும் ட்வீட்டரிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று வந்துகொண்டே இருக்கும். ஆறடி தள்ளி உட்கார்ந்தால் தெரியாது. இரண்டரை அடியில், ராத்திரி ஃபேனை நிறுத்தியதும் அதுதான் முதலில் கேட்கும்.

ஓம்விதி:
ஹிஸ் எல்லா மாடலிலும் ஒரே மாதிரி இல்லை. மலிவான தனி ஆம்பிலும் அது உண்டு. அதற்காக ஒரு வகையையே ஒதுக்குவது நியாயமில்லை. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

இரவுராகம்:
இரண்டு பேரும் மேசையை மறந்துவிட்டீர்கள். அவர் சுவரை ஒட்டி என்கிறார். எச்எஸ்5க்கு போர்ட், அதாவது பாஸுக்காகப் பெட்டியில் விட்ட காற்றுத் துளை, பின்பக்கம். மேசைப்பலகையும் சுவரும் சேர்ந்து கீழ்க்குரலை (பாஸை) ஊதிவிடும். ஆண் குரல் பீப்பாய்க்குள் இருந்து பாடுவதுபோல் கேட்கும். பின்லாந்தின் ஜெனலெக் 8020இல் மேசைக்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு, 200 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் குறைக்கும். அந்த அளவுக்கு இது தெரிந்த பிரச்சினை. எச்எஸ்5இலும் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே 2 அல்லது 4 டெசிபல் குறைக்கலாம்.

மெல்லிசை, எதை வாங்கினாலும் ஸ்பீக்கரைப் பலகையில் அப்படியே வைக்காதீர்கள். சின்ன ஸ்டாண்டில் ஏற்றி, ட்வீட்டர் காது உயரத்துக்கு வரட்டும். சுவரிலிருந்து ஒரு சாணாவது முன்னால் இழுங்கள். பலகையின் முன் விளிம்பு வரை தள்ளினால் இன்னும் நல்லது, பலகையில் பட்டு எதிரொலிப்பது குறையும். மிச்சத்தை, பாஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் ஏபிஓ மென்பொருள் பார்த்துக்கொள்ளும், விண்டோஸில் இலவசம்.

பழையசெட்:
இது பொன்னான பேச்சு. இதனால்தான் முன்பக்க போர்ட் உள்ள பாஸிவ் பெட்டி என்கிறேன். ஈலாக் டெபியூ பி5.2 மாதிரி. ஆம்பில் சுவிட்ச் தேட வேண்டாம்.

ஓம்விதி:
போர்ட் முன்னால் இருந்தாலும் சுவர் கீழ்க்குரலைக் கூட்டத்தான் செய்யும் சார். அந்த நீள அலை பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போகும். போர்ட் அடைபடாது, அவ்வளவுதான் லாபம்.

மெல்லிசை:
ஸ்டாண்டுக்கு இடம் இருக்கிறது. ஒரு சந்தேகம்: இப்போதுள்ள சின்ன ஸ்பீக்கரில் மவுஸை நகர்த்தினாலே ‘கிர்ர்’ என்கிறது. புதிதிலும் வருமா?

ஓம்விதி:
வரலாம். கணினிக்கும் ஆம்புக்கும் இடையில் எர்த் வழியாக ஒரு சுற்று உருவாகி, உள்ளிருக்கும் மின் இரைச்சல் ஏறிவிடுகிறது. எச்எஸ்5இல் பேலன்ஸ்டு இன்புட் (வழியில் ஏறும் இரைச்சலைக் கழித்துவிடும் இணைப்பு) இருப்பது இதற்குத்தான். பேலன்ஸ்டு அவுட் உள்ள யூஎஸ்பி இண்டர்ஃபேஸ் (கணினியின் ஒலியை வெளியே எடுத்துத் தரும் சின்னப் பெட்டி) ஒன்று சேர்த்து வாங்குங்கள். கணினியின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்து இழுத்தால் அந்தப் பலன் கிடைக்காது.

பழையசெட்:
அந்த இண்டர்ஃபேஸ் விலையையும் உங்கள் கணக்கில் சேருங்கள் சார். மதர்போர்டில் ஆப்டிகல் துளை (ஒலியை ஒளியாக அனுப்புவது) இருந்தால், ஆப்டிகல் இன்புட் உள்ள ஆம்ப் எடுத்தால் போதும் மெல்லிசை. நடுவில் செம்பே இல்லாததால் அந்தச் சுற்று அறுந்துவிடும். இரைச்சல் போக எர்த் பின்னைப் பிடுங்கச் சொல்பவர்கள் வருவார்கள். அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள், ஷாக் அடிக்கும்.