ஒரே ஓவர்டிரைவ் பெடல் ஆம்புக்கு ஆம்ப் மாறி ஒலிப்பது ஏன்? எப்படிப் பொருத்துவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் ஒற்றைக் காந்தச் சுருள்) கொண்ட ஸ்ட்ராட் வகைக் கிட்டாரும், ஐபனெஸ் டிஎஸ்9 ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), ஒரு டிலே (எதிரொலி தருவது), ஒரு ரிவெர்ப் (அறை முழக்கம் தருவது) என மூன்று பெடல்களும் வைத்திருக்கிறேன். எங்கள் ஒத்திகை அறையில் இருப்பது ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற ஆம்ப் (கிட்டார் ஒலிபெருக்கி). அதில் டிஎஸ்9-ஐ அழுத்தினால் ஒலி தடித்து, மற்ற வாத்தியங்களுக்கு நடுவே தனித்துத் தெரிகிறது. ஆனால் மேடைக்கு வாடகையில் எந்த ஆம்ப் வரும் என்பது முன்கூட்டித் தெரிவதில்லை. ரோலண்ட் ஜேசி-120 வந்தால், அதே அமைப்பில் ஒலி மெலிந்து, குளவி ரீங்கரிப்பதைப்போல் கேட்கிறது. மார்ஷல் ஜேசிஎம்800 வந்தால் சிக்கல் வேறு விதமாக இருக்கிறது: லீடு வாசிக்கும்போது பெடலை அழுத்தினாலும் சத்தம் கூடுவதில்லை, இரைச்சல்தான் கூடுகிறது, டிலேயின் எதிரொலிகளும் ஒன்றோடொன்று கலந்து குழம்பிப்போகின்றன.

குமிழ்களைக் கடிகார முள்ளாகக் கொண்டால், பெடலில் டிரைவ் (கரகரப்பின் அளவு) 9 மணி நிலையிலும், லெவல் (வெளிவரும் சத்தம்) 3 மணி நிலையிலும், டோன் நடுவிலும் இருக்கின்றன. மூன்று பெடல்களும் கிட்டாருக்கும் ஆம்பின் இன்புட்டுக்கும் இடையில்தான் இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஆம்புக்கும் தனித்தனிப் பெடல் வாங்க வேண்டுமா, அல்லது இருப்பதைக் கொண்டே சமாளிக்க வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (ஆம்ப் பழுதுபார்ப்பவர்)

வணக்கம் தம்பி. புதிய பெடல் எதையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் விரும்பும் அந்த ஒலியில் பாதியை டிஎஸ்9 தருகிறது, மீதிப் பாதியை டீலக்ஸ் ரிவெர்ப் தருகிறது. ஆம்ப் மாறும்போது அந்த இரண்டாவது பாதி காணாமல் போகிறது.

முதலில் பெடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். டிஎஸ்9-இன் பெருக்கும் கட்டம் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகக் குறைவாகவே பெருக்கும். அதற்கு மேலுள்ள பகுதியைத்தான் முழு அளவில் பெருக்கி, டயோடுகளைக் கொண்டு அலையின் உச்சியை வெட்டும். வெட்டியபின் உயர் அதிர்வெண்களை ஒரு வடிகட்டி மட்டுப்படுத்திவிடும். இப்படி அடியும் மேலும் குறைந்து, நடு அதிர்வெண்கள் மேடாக எஞ்சும். பழைய ஃபெண்டர் ஆம்ப்களின் டோன் சுற்றில் இதற்கு நேர்மாறாக, சுமார் 400 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒரு பள்ளம் இருக்கும். டீலக்ஸ் ரிவெர்பில் மிடில் குமிழே கிடையாது என்பதால் அந்தப் பள்ளத்தை ஆம்பில் வைத்துச் சரிசெய்யவும் முடியாது. பெடலின் மேடு ஏறக்குறைய அந்தப் பள்ளத்தின் மேல் வந்து உட்காருவதால்தான் உங்கள் ஒலி தடித்துக் கேட்கிறது. அதோடு, அந்த ஆம்ப் இரண்டு 6வி6 வால்வுகளில் ஓடும் 22 வாட் ஆம்ப். வால்யூமைப் பாதிவரை கொண்டுபோனாலே அதன் ஒலி மெல்ல உடையத் தொடங்கும், அதாவது கரகரக்கும். டிரைவைக் குறைத்து லெவலைக் கூட்டி வைத்திருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் கேட்கும் உடைவின் பெரும்பகுதி ஆம்பின் வால்வுகளில் பிறக்கிறது.

ஜேசி-120 முழுக்க டிரான்சிஸ்டரில் ஓடுவது. 60 வாட் கொண்ட இரண்டு ஆம்ப்கள் ஒரே பெட்டியில் இருக்கும். உள்ளே வந்த ஒலியைக் கெடாமல் வெளியே அனுப்ப வேண்டும் என்பதே அதன் வடிவமைப்பின் நோக்கம். அதனை உந்தினால் அது உடையாது, சத்தம்தான் கூடும். டிரைவை 9 மணியில் வைத்து வரும் ஒலியைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பதுபோல் அப்படியே காட்டிவிடுகிறது. டயோடுகள் உண்டாக்கும் கூரிய மேல் ஒத்திசைகளை மழுங்கடிக்க அங்கே வால்வுகள் இல்லை. எனவே அந்த ஆம்புக்கு அமைப்பைத் தலைகீழாக மாற்றுங்கள். டிரைவை 1 அல்லது 2 மணிக்குக் கொண்டுபோய், பெடலை அணைத்தாலும் போட்டாலும் சத்தம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும் அளவுக்கு லெவலைக் குறையுங்கள். பெடலின் டோனை 9 மணிக்கு இறக்குங்கள். ஆம்பில் பிரைட் சுவிட்சை அணைத்துவிட்டு, டிரெபிளை நடுவுக்குக் கீழே வைத்து, மிடிலை உயர்த்துங்கள்.

மார்ஷலைப் பற்றிச் சொல்வதற்கு முன் இரண்டு விவரங்கள் வேண்டும். அதில் பிரீஆம்ப் வால்யூமும் (முதற்கட்டப் பெருக்கத்துக்கானது) மாஸ்டர் வால்யூமும் (மொத்தச் சத்தத்துக்கானது) எந்த நிலையில் இருந்தன? கேபிளை ஹை இன்புட்டில் செருகினீர்களா, லோ இன்புட்டிலா?

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. பெடலில் மேடும் ஆம்பில் பள்ளமும் இருப்பதை நான் அறிந்திருக்கவில்லை. மார்ஷலில் பிரீஆம்ப் வால்யூம் 8-இல் இருந்தது. மேடையில் சத்தம் அதிகமாகிவிடும் என்பதால் மாஸ்டரை 2-க்கு மேல் ஏற்ற விடவில்லை. கேபிள் ஹை இன்புட்டில் இருந்தது. ஆம்பின் பின்புறத்தில் எஃபெக்ட்ஸ் லூப்புக்கான (பிரீஆம்புக்குப் பின்னால் பெடல்களை இணைக்கும் வழிக்கான) துளைகள் எதையும் நான் பார்க்கவில்லை.

மறுமொழி 1 (தொடர்ச்சி)

அப்படியானால் அது 1981-இல் வந்த ஜேசிஎம்800 வரிசையின் 2203 என்ற 100 வாட் வடிவமாகவோ அதன் 50 வாட் இணையாகவோ இருக்கலாம். அந்த மூல வடிவங்களில் எஃபெக்ட்ஸ் லூப் கிடையாது.

பிரீஆம்ப் 8-இல் இருக்கும்போது அங்குள்ள வால்வுகள் ஏற்கெனவே எல்லைவரை உடைந்து நிற்கின்றன. அலையின் உச்சி வெட்டப்பட்டுவிட்ட பிறகு, உள்ளே எவ்வளவு பலமாக அனுப்பினாலும் வெளியே உயரம் கூடாது; உடைவும் இறுக்கமும்தான் கூடும். கூடவே, டிரைவை முழுவதும் குறைத்தாலும் டிஎஸ்9 சுமார் 12 மடங்கு பெருக்குகிறது என்பதால், சிங்கிள் காயில் பிடித்துவரும் இரைச்சலும் அதனுடன் சேர்ந்து ஏறிவிடுகிறது. லீடில் சத்தம் கூட வேண்டுமென்றால் ரிதம் வாசிக்கும்போது ஆம்பில் இடம் மிச்சம் இருக்க வேண்டும். பிரீஆம்பை 4 அளவுக்கு இறக்கி, குறைந்த சத்தத்தை மாஸ்டரில் ஈடுகட்டுங்கள். ரிதத்துக்குக் கிட்டாரின் வால்யூமை 6 அல்லது 7-இல் வைத்து வாசித்து, லீடு வரும்போது அதை முழுதாகத் திறந்து பெடலையும் அழுத்துங்கள். டிரைவ் ஏறக்குறைய பூஜ்யத்திலும் லெவல் 2 மணியிலும் இருந்தால் போதும். கீழ் ஸ்தாயியைப் பெடல் குறைப்பதால் தடித்த தந்திகளின் ஒலி கொழகொழவென்று இல்லாமல் இறுகி வரும். மார்ஷலுக்கு முன்னால் பலர் டிஎஸ்9-ஐ வைப்பதற்கு உண்மையான காரணம் இந்த இறுக்கம்தான். கூடுதல் உடைவுக்காக வைப்பவர்கள் பெரும்பாலும் ஏமாந்துபோகிறார்கள்.

டிலே குழம்புவதற்கும் காரணம் அதுவே. எதிரொலிகள் பிரீஆம்புக்கு முன்னால் பிறந்து, மூல ஒலியுடன் சேர்ந்து ஒன்றாக உடைகின்றன. மெலிந்து மறைய வேண்டிய எதிரொலியையும் ஆம்ப் இறுக்கிப் பெரிதாக்கிவிடுகிறது. லூப் உள்ள ஆம்ப் என்றால் டிலேயையும் ரிவெர்பையும் சென்ட்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில் வைத்துவிடலாம். லூப் இல்லாத இந்த ஆம்பில் லோ இன்புட்டைப் பயன்படுத்துங்கள். அது முதல் பெருக்கும் கட்டத்தைத் தவிர்த்துச் செல்வதால் ஆம்ப் ஓரளவு தெளிவாக ஒலிக்கும். அப்போது உடைவை டிஎஸ்9-இலேயே உண்டாக்கி, அதற்குப் பின்னால் டிலேயை வைத்தால் எதிரொலிகள் பிரிந்து கேட்கும். மார்ஷலின் சொந்த உடைவு அப்போது கிடைக்காது. எது முக்கியம் என்பதைப் பாடலைப் பொறுத்து நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மறுமொழி 2 (மேடைக் கிட்டார் கலைஞர்)

முந்தைய மறுமொழியுடன் பெரும்பாலும் உடன்படுகிறேன்; ஜேசி-120 விஷயத்தில் மட்டும் சிறிது மாறுபடுகிறேன். டிஎஸ்9-இன் டிரைவை மட்டும் ஏற்றினால் உடைவு கிடைக்கும், ஆனால் விரலின் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறும் அந்த உயிர்ப்பு கிடைக்காது. நான் அங்கே இரண்டு பெடல்களை அடுக்குகிறேன். பாஸ் நிறுவனத்தின் பிடி-2 ப்ளூஸ் டிரைவரைக் குறைந்த உடைவில், டோனை நன்கு இறக்கி, நிகழ்ச்சி முழுவதும் அணைக்காமல் வைத்திருப்பேன். டிஎஸ்9 அளவுக்கு நடு மேடு இல்லாத, விரிந்த ஒலியுடைய பெடல் அது. ஆம்ப் செய்யாத வேலையை அது செய்கிறது. அதற்கு முன்னால் டிஎஸ்9-ஐ உங்கள் வழக்கமான அமைப்பிலேயே வைத்தால், டீலக்ஸ் ரிவெர்பை உந்தியதைப் போலவே பிடி-2-வை உந்தும். வரிசை முக்கியம்: டிஎஸ்9 முன்னால், பிடி-2 பின்னால்.

பணம் செலவழிப்பதாக இருந்தால், இரண்டாவது ஓவர்டிரைவை விட ஏழு அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் ஜிஇ-7 போன்ற ஈக்வலைசர் பெடலையே முதலில் வாங்கச் சொல்வேன். ஓவர்டிரைவுக்குப் பின்னால் அதை வைத்து, 3.2 கிலோஹெர்ட்ஸ், 6.4 கிலோஹெர்ட்ஸ் பட்டைகளை இறக்கினால் ஜேசி-120-இன் குளவிச் சத்தம் அடங்கிவிடும். லூப் உள்ள ஆம்பாக இருந்தால் அதே பெடலை லூப்பில் வைத்து, லீடுக்கு உண்மையாகவே சத்தத்தைக் கூட்டவும் பயன்படுத்தலாம்.

வாக்ஸ் ஏசி30 வந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அதன் டாப் பூஸ்ட் சானலில் ஃபெண்டரைப் போன்ற ஆழமான நடுப் பள்ளம் இல்லை. ஆகவே டிஎஸ்9-இன் மேடு அங்கே மூக்கடைத்த குரலாகக் கேட்கக்கூடும். டோனைச் சற்று ஏற்றி, டிரைவைக் குறைவாகவே வையுங்கள். ஆம்பின் கட் குமிழை வலப்பக்கம் திருப்பினால் டிரெபிள் கூடாது, குறையும். புதிதாகத் தொடுபவர்கள் இதில் தடுமாறுவார்கள். குயீன் குழுவின் பிரையன் மே அந்த ஆம்பை டிரெபிள் பூஸ்டர் (உயர் அதிர்வெண்களைப் பெருக்கும் பெடல்) கொண்டு உந்தியதை அறிந்திருப்பீர்கள். அதைக் கேட்டு, பழைய வகை ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பூஸ்டரையோ ஃபஸ் பெடலையோ வாங்க எண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மேனியத்தின் கசிவு மின்னோட்டம் வெப்பத்தோடு ஏறும். சித்திரை வெயிலில் திறந்தவெளி மேடையில் வைத்த பெடல், குளிரூட்டிய அறையில் ஒலித்ததைப்போல் ஒலிக்காது. சிலிக்கான் வகையில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்றைய நிகழ்ச்சிக்கு ஜேசி-120 வந்தது. டிரைவை 1 மணிக்கு ஏற்றி, டோனை இறக்கி, பிரைட் சுவிட்சை அணைத்தேன். குளவிச் சத்தம் பெருமளவு போய்விட்டது. விரலுக்கு ஏற்ப ஒலி மாறாத குறை மட்டும், இரண்டாவது மறுமொழியில் சொல்லப்பட்டபடியே, இருந்தது. ஈக்வலைசரை வாங்கிப் பார்க்கிறேன். ஒரு துணைக் கேள்வி: அந்த அரங்கில் பெடல்களை இணைத்ததும் தாழ்ந்த ‘ம்ம்’ என்ற ஒலி வந்தது. மூன்று பெடல்களுக்கும் ஒரே அடாப்டரில் இருந்து கிளை பிரியும் கேபிளில்தான் மின்சாரம் தருகிறேன். ஆம்பின் பிளக்கில் எர்த் முனையை இணைக்காமல் விட்டால் ஒலி நின்றுவிடும் என்று ஒலியமைப்பாளர் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

மறுமொழி 1

கூடவே கூடாது. ஆம்பில் மின்கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் தரைக்குப் போக இருக்கும் பாதுகாப்பான வழி எர்த் முனை ஒன்றே. அதை நீக்கிவிட்டால் கிட்டாரின் தந்தியைப் பிடித்திருக்கும் உங்கள் கையும் மைக்கைத் தொடும் உங்கள் உதடும் அந்த வழியாகிவிடும்.

முதலில் கிட்டாரை நேராக ஆம்பில் செருகிக் கேளுங்கள். அப்போதும் ஒலி இருந்தால், ஆம்பை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று உடலைத் திருப்பிப் பாருங்கள். திசைக்குத் திசை ஒலி மாறினால், டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் புலத்தைச் சிங்கிள் காயில் பிடிக்கிறது என்று பொருள். பெடல்களைச் சேர்த்த பிறகே ஒலி வந்தால், டிலேயை மட்டும் அந்தக் கிளைக் கேபிளிலிருந்து பிரித்து, தனி 9 வோல்ட் அடாப்டரில் இயக்கிப் பாருங்கள். டிஜிட்டல் டிலேக்கள் அதிக மின்னோட்டம் இழுப்பதோடு, தங்கள் இரைச்சலையும் பொது இணைப்பின் வழியே மற்றப் பெடல்களுக்குக் கடத்துவதுண்டு. அதில் அடங்கிவிட்டால், ஒவ்வொரு வெளியீடும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை ஒன்றை வாங்குவதுதான் நிலையான தீர்வு. பெடல்களின் பவர் சப்ளையையும் ஆம்பையும் ஒரே பிளக் பலகையில் செருகுங்கள். அடாப்டரை மாற்றும்போது மையமுனை எதிர்மின்னாக இருக்கிறதா என்பதை அதன் மேல் அச்சிட்டுள்ள குறியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.