வண்டி ஓடும்போது மகனின் போனை அடக்கி வைக்க வழி உண்டா?

அழகியமண்டபம் அம்மா (கேள்வி)

அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை) ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மகனுக்கு 18 முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. லைசென்ஸ் வந்த கையோடு ஸ்கூட்டரில் நாகர்கோவில் பக்கம் உள்ள கல்லூரிக்குப் போய்வருகிறான்.

போன செவ்வாய்க்கிழமை நாகர்கோவிலில் பேங்க் வேலையை முடித்துவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைப் பக்கம் வரும்போது பஸ் ஒரு ஸ்கூட்டரைத் தாண்டியது. பையின் ஜிப்பில் நான் கட்டிவிட்ட சிவப்பு நூலைப் பார்த்துத்தான் அது என் மகன் என்று தெரிந்தது. வலது கை ஆக்சிலேட்டரில், இடது கையில் போன். கட்டைவிரல் எழுத்து எழுத்தாக நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே கல் ஏற்றிய டாரஸ் லாரி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கேட்கவில்லை. பஸ் தக்கலை போய்ச் சேரும்வரை எனக்குக் கை நடுங்கியது.

வீட்டுக்கு வந்ததும் திட்டவில்லை. போனைக் காட்டு என்றேன். காட்டினான். கூப்பிட்டது குவைத்தில் இருக்கும் அவன் அப்பா. அவருக்கு மதியம் 2 மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை, இங்கே 4.30. தினமும் அந்த நேரம்தான் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். மகன் அந்த அழைப்பைக் கட் செய்துவிட்டு, "வண்டியில இருக்கேன்பா" என்று டைப் செய்திருக்கிறான்.

இதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சொல்லித் திருத்தலாம் என்பவர்களுக்கு: சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். வண்டி ஓடுகிறபோது போன் தானாகவே அடங்கிக் கிடக்க ஒரு வசதி வேண்டும். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போ என்று சொல்ல முடியாது. பஞ்சர் ஆனால், மழையில் மாட்டினால் எப்படிக் கூப்பிடுவான்? அவனுடையது சாம்சங் போன், வாங்கி இரண்டு வருடம். ஸ்கூட்டரில் புளூடூத் கிடையாது. பெருமழை நாட்களில் பஸ்ஸில் போவான், அப்போது போனில் பாடம் பார்ப்பான். அதையும் பூட்டிவிட்டால் சண்டை வரும்.

மார்த்தாண்டம் மொபைல் கடை

அக்கா, பஸ் பற்றிக் கேட்டீர்களே, சிக்கலே அங்கேதான். ஜிபிஎஸ்ஸையும் அசைவை அறியும் சென்சாரையும் வைத்து, 'நான் வேகமாகப் போகிறேன்' என்பது போனுக்குத் தெரியும். ஓட்டுவது யார், பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. வேகத்தை மட்டும் பார்த்துப் பூட்டுகிற ஆப் பஸ்ஸிலும் பூட்டும். பையன் நாலு நாளில் அதைத் தூக்கிவிடுவான்.

ஐபோனில் 'டிரைவிங் ஃபோகஸ்' இருக்கிறது. 2017இல் வேறு பெயரில் வந்தது. அசைவை உணர்ந்து தானாகவே ஆன் ஆகும். ஸ்கிரீன் டைம் பாஸ்கோடு போட்டுவிட்டால் பிள்ளைகள் அந்த செட்டிங்கை மாற்ற முடியாது. சாம்சங்கில் 'மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்' உள்ளே டிரைவிங் மோட் உண்டு. ஆனால் அது காரின் புளூடூத்தை நம்பி இருப்பது, உங்கள் ஸ்கூட்டருக்கு உதவாது. 2016இல் சாம்சங்கே நம் நாட்டுக்காக கேலக்ஸி ஜே3 போனில் 'எஸ் பைக் மோட்' என்று கொண்டுவந்தது. கூப்பிடுகிறவருக்கு 'வண்டியில் இருக்கிறார், அவசரம் என்றால் 1ஐ அழுத்துங்கள்' என்று குரல் சொல்லும். உங்களுக்கு வேண்டியது அதுதான், ஆனால் உங்கள் மகனின் போனில் இருக்காது.

அதனால் வேகத்தை விடுங்கள், நேரத்தைப் பிடியுங்கள். 'டு நாட் டிஸ்டர்ப்' உள்ளே போய் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் 9, மாலை 4.15 முதல் 5.30 என்று அட்டவணை போடுங்கள். வாட்ஸ்அப் கால், மெசேஜ் எல்லாம் சத்தமில்லாமல் கிடக்கும். பஸ்ஸில் போகிற நாளில் பாடம் பார்க்கத் தடை இல்லை.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். இதில் விதிவிலக்கு என்று ஒரு பகுதி உண்டு. பிடித்தமான எண்கள் என்று குறித்திருந்தால் அந்த அழைப்பு அடிக்கும். ஒரே ஆள் 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை சாதாரண கால் போட்டாலும் அடிக்கும். ஐபோனில் அது 3 நிமிடம். கடைக்கு வரும் பிள்ளைகளின் போன்களில் அந்தப் பட்டியலைத் திறந்தால் இருப்பது அம்மா, அப்பா எண்கள்தான். வண்டி ஓட்டும்போது அவர்களை அதிகம் கூப்பிடுவதும் நீங்கள்தான் அக்கா. இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

இரண்டாம் வருடம் பி.எஸ்சி.

ஆன்ட்டி, எனக்கு 19. நானும் ஸ்கூட்டர்தான். அண்ணன் சொன்னதை அவனுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். என் தோழியின் வீட்டில் அவளுக்குத் தெரியாமல் ஒரு ஆப் போட்டார்கள். கண்டுபிடித்து அழித்துவிட்டாள், இப்போது வீட்டில் எதையும் சொல்வதில்லை.

நான் போனை டிக்கிக்குள் போட்டுப் பூட்டிவிடுவேன். சாவி வண்டியில் இருப்பதால், எடுக்க வேண்டும் என்றால் நிறுத்தி, எஞ்சினை அணைத்துத்தான் எடுக்க முடியும். பாண்ட் பாக்கெட்டில் இருந்தால் வைப்ரேஷன் தொடையில் தெரியும். அது தெரிந்துவிட்டால் எடுக்காமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், உண்மையைச் சொல்கிறேன். அப்பா கூப்பிட்டு எடுக்காவிட்டால் வீட்டில் பயந்துவிடுவார்கள் என்றுதான் உங்கள் மகனும் டைப் செய்திருப்பான்.

டிரைவிங் ஸ்கூல், தக்கலை

26 வருடமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். ஸ்கூட்டர் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு நொடிக்கு 11 மீட்டர். ஐந்து நொடி திரையைப் பார்த்தால் 55 மீட்டர், அதாவது ஐந்து பஸ் நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போனதற்குச் சமம். என் மாணவர்களை ரோட்டில் அந்த 55 மீட்டரை நடந்து அளக்கச் சொல்வேன். நடந்து முடித்ததும் முகம் மாறிவிடும். நீங்களும் மகனை ஒருமுறை நடக்க வையுங்கள்.

புளூடூத் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தால் போதுமா என்று பல பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் சிமுலேட்டரில் சோதித்தார்கள். போனைக் கையில் பிடிக்காமல் பேசியவர்களும், பிடித்துப் பேசியவர்களைப் போலவே தடுமாறினார்கள். கண் ரோட்டில் இருந்தாலும் மனசு பேச்சில் இருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், கையில் போன் பிடித்து ஓட்டுவது அபாயகரமாக ஓட்டுவதற்குள் வருகிறது. முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு. வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத முறையில், 2020இல் விதி தளர்ந்தது. 18 ஆகாத பிள்ளை வண்டி எடுத்துத் தவறு செய்தால் 199ஏ பிரிவு பெற்றோர் மேலேயே பாயும். 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து, பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் சாவி கொடுப்பவர்கள் இந்த ஊரில் நிறைய, அதனால்தான் எழுதுகிறேன்.

கார் என்றால் வழிகள் அதிகம். ஃபோர்டு 2010 மாடலிலேயே அமெரிக்காவில் 'மைகீ' என்று பிள்ளைகளுக்குத் தனிச் சாவி கொடுத்தது. அந்தச் சாவியைப் போட்டால் உச்ச வேகத்துக்கும் பாட்டுச் சத்தத்துக்கும் வரம்பு வந்துவிடும். இரு சக்கர வண்டிக்கு நான் நம்பிச் சொல்லக்கூடியது அந்தப் பிள்ளை சொன்ன டிக்கிதான்.

அழகியமண்டபம் அம்மா

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து அவன் கையாலேயே அட்டவணை போட வைத்தேன். தம்பி சொன்ன அந்த விதிவிலக்குப் பட்டியலைத் திறந்தோம். இரண்டே எண்கள், என்னுடையதும் அவன் அப்பாவுடையதும். அவன் எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடிப்பது என் வழக்கம். அப்படியென்றால் இத்தனை நாளும் நடு ரோட்டில் அவன் போனை அடிக்க வைத்தவள் நான். பட்டியலிலிருந்து நானே என் எண்ணை எடுத்தேன். இரண்டாம் முறை அடிக்கும் வசதியையும் நிறுத்திவிட்டோம். அவன் அப்பா இனி ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார். அங்கே அப்போது 6.30, ரூமுக்கு வந்திருப்பார். மக்ளே, போன் இப்போது டிக்கியில்தான் போகிறது. ஐயா, 55 மீட்டரும் நடந்தான். பாதி தூரத்திலேயே பேச்சை நிறுத்திவிட்டான்.

இன்று முதல் நாள். 5.20 ஆகியும் வரவில்லை. போனைக் கையில் எடுத்தேன், மேஜையில் வைத்தேன். முக்கு வரைக்கும் நடந்து போய் நின்றேன். 5.40க்கு வண்டி வந்தது. வில்லுக்குறியில் டாரஸ் ஒன்று பழுதாகி நின்றதாம். ரோட்டோரம் நிறுத்தி, டிக்கியைத் திறந்து, "லேட் ஆகும்மா" என்று மெசேஜ் போட்டிருக்கிறான். என் போன் மேஜையில் இருந்ததால் நான்தான் பார்க்கவில்லை.