கத்திரிக்கு முன் ஏ.சி. பராமரிப்பு: நம் பக்கத்து வீடுகளில் கண்டதைப் பகிருங்கள்

காரைக்குடியிலிருந்து:

கத்திரி வெயில் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். சித்திரை பிறந்துவிட்டால் நல்ல மெக்கானிக் ஒருவரும் கைக்குக் கிடைக்கமாட்டார். எனவே மாசி, பங்குனியிலேயே இதைப் பேசிவிடுவது நல்லது என்று தொடங்குகிறேன்.

ஏ.சி. வாங்கும்போது தரும் கையேட்டில் ஒரு பராமரிப்பு அட்டவணை இருக்கும். அது எல்லா ஊருக்கும் பொதுவானது. ஆடிக் காற்றில் நம் தெருக்களில் எழும் செம்மண் புழுதி அதற்குத் தெரியாது. கிழக்கே தொண்டிப் பக்கத்து உப்புக் காற்றும், ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் நம் பெரிய வீடுகளும் அதற்குத் தெரியாது. அதனால் நம் ஊருக்கான அட்டவணையை நாமே நம் அனுபவத்திலிருந்து எழுத வேண்டியிருக்கிறது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன ஆடியில் எதிர்வீட்டு ஏ.சி.யில் குளிர்ச்சி குறைந்து, உள்ளே இருக்கும் காயிலில், அதாவது காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், பனிக்கட்டி படிந்துவிட்டது. கேஸ் தீர்ந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்று தொலைபேசியிலேயே ஒருவர் முடிவு சொல்லிவிட்டார். மூடியைத் திறந்து பார்த்தால் ஃபில்டர் முழுவதும் செங்கல் நிறத்தில் புழுதி அப்பியிருந்தது. காற்று உள்ளே போக வழியில்லை என்றாலும் காயில் உறைந்துவிடும். ஏ.சி.யை அணைத்துப் பனியைக் கரையவிட்டு, ஃபில்டரைக் குழாயடியில் பின்பக்கமிருந்து நீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டியதும் பழையபடி குளிர்ந்தது. வெயிலில் காயவைத்தால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்து, பிறகு சரியாகப் பொருந்தாது. மற்ற மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவினால் போதும். ஆனி, ஆடியில் வாரம் ஒருமுறை கழுவுங்கள். இதற்கு மெக்கானிக்கே வேண்டாம்.

உங்கள் வீட்டில் கண்டதை எழுதுங்கள்.


தொண்டியிலிருந்து:

காரைக்குடி அண்ணனுக்கு வணக்கம். உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள், அதை நாங்கள் அன்றாடம் பார்க்கிறோம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு. மாடியில் கிழக்குப் பார்த்து வைத்திருந்த அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டாலே வெள்ளைத் தூளாக உதிர்ந்தன. மேற்குச் சுவரில் இருந்த இன்னொன்று அதே வயதுதான், அது இன்னும் நன்றாக இருக்கிறது.

இதன் காரணம் தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரியும். அவுட்டோர் காயிலில் குழாய் தாமிரம், அதைச் சுற்றியுள்ள தகடு அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்க, நடுவே உப்பு ஈரம் சேர்ந்தால் அங்கே ஒரு சிறிய மின்கலமே உருவாகிவிடுகிறது. அதில் அலுமினியம்தான் அரிக்கப்படும். தகடு குழாயை விட்டு விலகியதும் வெப்பம் வெளியேறுவது குறையும். கம்ப்ரஸருக்குச் சுமை கூடும், மின்கட்டணமும் ஏறும். உலோகம் அரிக்கப்படுவதை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உங்கள் காரைக்குடியிலேயே இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். கடல் காற்றில் உலோகம் எப்படி அழிகிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு. இவ்வளவு பெரிய அறிவு பக்கத்தில் இருக்கும்போது நாம் ஏ.சி.யை எந்தத் திசையில் மாட்டுவது என்றுகூட யோசிப்பதில்லையே என்பது என் ஆதங்கம்.

நாங்கள் செய்வது இதுதான். மாதம் ஒருமுறை எம்.சி.பி.யை (ஏ.சி.க்கான மின்பாதுகாப்பு ஸ்விட்சை) அணைத்துவிட்டு அவுட்டோர் காயிலை நல்ல நீரால் மெதுவாகக் கழுவுகிறோம். பூவாளியே போதும். வண்டி கழுவும் அழுத்தக் குழாயை அருகில் வைத்துப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும். இன்னொன்று மிக முக்கியம்: எங்கள் ஆழ்குழாய் நீர் உப்புக் கரிக்கும். அதைக் கொண்டு கழுவினால் உப்பின் மேல் உப்பைப் பூசியதாகும். குடிநீர்க் குழாயில் வரும் நீரையோ தொட்டியில் பிடித்த மழைநீரையோதான் எடுக்க வேண்டும். கடற்கரையில் இருப்பவர்கள் புதிதாக வாங்கினால், தகடுகளில் நீல அல்லது பொன்னிறக் காப்புப் பூச்சு உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். யூனிட்டைத் தாங்கும் ஆங்கிள் என்ற இரும்புச் சட்டத்தையும் மறக்கவேண்டாம். அது துருப்பிடித்து, தெருவில் போகிறவர் தலையில் யூனிட் விழுந்தால் யார் பொறுப்பு?


பள்ளத்தூரிலிருந்து:

நான் சொல்லப்போவது பூட்டிய வீட்டுக் கதை. எங்கள் வீட்டில் ஐந்து புள்ளிகள், அதாவது பங்குள்ள ஐந்து குடும்பங்கள். எல்லோரும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறோம். முன்னோரை வழிபடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் வீடு திறக்கும். வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றி, உள்ள அறைகளில் இரண்டுக்கு மட்டும் ஏ.சி. போட்டிருக்கிறோம், வயதானவர்களுக்காக.

போன படைப்புக்கு வந்து போட்டவுடன் ஒரு புளித்த வாடை. மறுநாள் காலையில் பார்த்தால் இன்டோர் யூனிட்டுக்குக் கீழே சுவர் முழுவதும் ஈரம். டிரெய்ன் பைப்பின் வெளிமுனையில் குளவி மண் வைத்து அடைத்திருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த காயிலில் பட்டு நீராகிறது. அந்த நீர் வெளியே போக முடியாமல் தட்டு நிரம்பி, சுவரில் இறங்கிவிட்டது. சிமெண்ட் சுவர் என்றால் காய்ந்ததும் வெள்ளையடித்துவிடலாம். எங்கள் சுவர் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புப் பூச்சு. ஐயா காலத்தில் பூசியது, கண்ணாடிபோல் மின்னும். அது உப்பி, பாளம் பாளமாகப் பெயர்ந்துவிட்டது. அதைத் திருப்பிப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஆத்தா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு அன்று முழுவதும் யாரிடமும் பேசவில்லை.

அதன் பிறகு வீட்டைப் பூட்டுவதற்கு முன் சிலவற்றை வழக்கமாக்கியிருக்கிறோம். கிளம்பும் நாளில் குளிர்ச்சியை நிறுத்திவிட்டு, வெறும் ஃபேன் நிலையில் ஒரு மணி நேரம் ஓடவிடுகிறோம். உள்ளே ஈரம் தங்காது, பூஞ்சை வாடையும் வராது. டிரெய்ன் பைப் முனையில் மெல்லிய கொசுவலைத் துண்டைக் கட்டிவிடுகிறோம், வந்ததும் அதை அவிழ்த்துக் கழுவுகிறோம். எம்.சி.பி. அணைந்திருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாதம் ஒருமுறை வந்து அரை மணி நேரம் போட்டுப் பார்க்கிறார். அப்போது ஒரு செம்பு நீரை இன்டோர் தட்டில் ஊற்றி, அது வெளியே சொட்டுகிறதா என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். குழாயைச் சுற்றியுள்ள கறுப்பு நுரை உறையை எலி கடித்திருக்கிறதா என்பதும் அவர் கணக்கில் உண்டு.


தேவகோட்டையிலிருந்து:

பள்ளத்தூர் ஆச்சி எழுதியதைப் படித்து மனம் கனத்துவிட்டது. எங்களுக்குத் தரையில் நடந்தது.

ஒரு சர்வீஸ் நிலையத்திலிருந்து வந்த பையன் காயிலைச் சுத்தம் செய்ய ஏதோ ஒரு திரவத்தைத் தெளித்தான். அமிலம் கலந்தது. அடியில் ஒரு பக்கெட் வைத்தான், ஆனால் பாதி வெளியே வழிந்தது. கீழே ஆத்தங்குடிக் கல். அது சுட்ட ஓடு அல்ல, சிமெண்டும் நிறமண்ணும் கொண்டு கண்ணாடியின் மேல் வார்த்து எடுப்பது. அமிலம் பட்ட இடத்தில் சிமெண்ட் கரைந்துவிடும். துடைப்பதற்குள் பளபளப்புப் போய், பூ வேலைக்கு நடுவே சாம்பல் நிறத் திட்டுகள் வந்துவிட்டன. தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்த்தோம், நிறம் ஓரளவு தெளிந்தது. அரித்த இடம் அரித்ததுதான்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவனுக்கு அந்தத் தரையைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை. அனுப்பியவர்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். பழைய வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் என் வேண்டுகோள்: இன்டோர் யூனிட்டைச் சுற்றிப் பையைப்போல் மாட்டும் சர்வீஸ் கவர் ஒன்று கிடைக்கிறது. அடியில் குழாய் வைத்து நேராகப் பக்கெட்டுக்குள் நீரை விடும். அது இல்லாமல் வருபவரைத் தொடவிடாதீர்கள். தரையில் தார்ப்பாய் விரியுங்கள். அமிலம் வேண்டாம், வெறும் நீரும் மெல்லிய சோப்புக் கரைசலும் போதும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். தகடுகளுக்கும் அதுதான் நல்லது.


கோட்டையூரிலிருந்து, ஏ.சி. மெக்கானிக்:

எல்லோரும் எழுதியதைப் படித்தேன். தேவகோட்டைக்காரர் சொன்னது சரி. எங்கள் தொழிலில் அவசரம்தான் பெரிய எதிரி. சித்திரையில் ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போக வேண்டியிருக்கும். மாசியில் கூப்பிட்டால் நிதானமாகச் செய்து தருவோம்.

நான் எழுத வந்தது கேஸ் பற்றி. ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்றினேன் என்று சொல்லும் வீடுகள் ஏராளம். ஏ.சி.யில் கேஸ் செலவாவதே இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுபவர் அடுத்த ஆண்டும் உங்கள் வீட்டுக்கு வருவார். நட்டு இணைப்புகளிலும் காயில் வளைவுகளிலும் எண்ணெய்ப் பசை தெரிந்தால் அங்கேதான் கசிவு இருக்கும். கேஸோடு கம்ப்ரஸர் எண்ணெயும் வெளிவருவதால் அந்தப் பசை. நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். அதை அடைத்தபின் வேக்கம் பம்ப் வைத்துக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்தெடுக்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டு அதைக் கொண்டே காற்றை வெளியே தள்ளுபவர்களும் இருக்கிறார்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரை மெல்லக் கொல்லும். இப்போது வரும் பெரும்பாலான புது ஏ.சி.களில் ஆர்-32 என்ற கேஸ் இருக்கிறது, அது ஓரளவு தீப்பற்றக்கூடியது. வேலை நடக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம்.


கானாடுகாத்தானிலிருந்து:

மெக்கானிக் தம்பிக்கு நன்றி. ஒரு சந்தேகம். அவுட்டோர் யூனிட்டை வளவு வாசலுக்குள்ளேயே வைக்கலாமா? வெளிச்சுவரில் மாட்டினால் முகப்பின் அழகு கெடும் என்று அப்பச்சி விடமாட்டேன் என்கிறார்கள்.


கோட்டையூரிலிருந்து, ஏ.சி. மெக்கானிக்:

வளவில் வேண்டாம் ஐயா. யூனிட் வெளியே தள்ளும் சூடான காற்று நான்கு பக்கமும் தாழ்வாரம் சூழ்ந்த இடத்தில் தேங்கி, அதையே திரும்ப உள்ளிழுக்கும். ஏ.சி. திணறும். அதோடு, வளவைக் குளிர்ச்சியாக வைத்திருக்கும் காற்றோட்டத்தையும் நாமே கெடுத்ததாகும். முகப்பிலும் மாட்ட வேண்டாம், அப்பச்சி சொல்வது நியாயம். பின்கட்டில், அடுப்பங்கரைப் புகை படாத பக்கமாக, தரையில் ஒரு சிறிய மேடை கட்டி வையுங்கள். சுண்ணாம்புச் சுவரில் ஆங்கிள் அடித்தால் அதிர்வில் பூச்சு விடும், மேடையில் அந்தத் தொல்லை இல்லை. குழாய் நீளம் கூடும்தான், ஆனால் கையேட்டில் சொன்ன அளவுக்குள் இருந்தால் பாதகமில்லை. மீட்டருக்குத் தக்கபடி கேஸ் சற்றுக் கூடுதலாகப் போட வேண்டிவரலாம், அதற்குரிய அளவும் கையேட்டிலேயே இருக்கும். குழாய்க்கான துளையை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாகப் போடச் சொல்லுங்கள், நீர் தானாக வெளியே இறங்கிவிடும்.


காரைக்குடியிலிருந்து:

உயரமான கூரை உள்ள அறைகளைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். பதினான்கடி உயர அறையில் பத்தடி அறைக்கு உள்ள டன் கணக்கு செல்லாது, குளிரவேண்டிய காற்றே ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அதற்காக 18 டிகிரியில் வைத்து ஓட்டுவதால் பலனில்லை. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அரசு விதி செய்திருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்பது ஆற்றல் திறன் செயலகத்தின் கணக்கு. 26இல் வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே போதுமானதாக இருக்கிறது.

தொண்டிச் சகோதரி, பூவாளியால் கழுவும்போது எந்தப் பக்கமிருந்து நீர் விடுகிறீர்கள்?


தொண்டியிலிருந்து:

மேலிருந்து கீழாக, காயில் தெரியும் பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் மட்டும். வயர் போகும் மூடிப் பக்கம் ஒரு சொட்டும் படக்கூடாது. கழுவிய பிறகு ஒரு மணி நேரமாவது காயவிட்டுத்தான் எம்.சி.பி.யைப் போடுகிறோம்.