புதுப்பிப்பு: அக்கா மகனின் எலக்ட்ரீஷியன் பயிற்சி

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடித்த அக்கா மகனுக்காக, இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தனியார் கல்லூரியில் முன்பணம் கட்டலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். கட்டவில்லை. அவசரப்படாதீர்கள் என்று சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அவர்கள் காட்டியது 2009-க்கு முந்தைய பழைய தகுதி. அதில் புதிதாகச் சேர 2024 ஜூன் 30-தான் கடைசி நாள். இப்போது க்யூசிடிஓ (தொழில் தகுதிகளுக்கான அரசு அமைப்பு) அங்கீகரித்த தொழில் தகுதிதான் வழி. இதைக் கேட்டதும் அவர்கள் பேச்சையே மாற்றிவிட்டார்கள். பணம் கட்டிய பிள்ளைகளை நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, நல்ல செய்திக்கு வருகிறேன். பைன்டவுனில் ஒரு சின்ன ஒப்பந்தக்காரர் அவனைச் சேர்த்துக்கொண்டார். செட்டாவில் (துறைவாரிப் பயிற்சியைக் கவனிக்கும் அமைப்பு) பயிற்சி ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. மாதாமாதம் கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. செய்யும் ஒவ்வொரு வேலையையும் தேதி போட்டு லாக்புக்கில் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குகிறான். கம்பியின் தோலை உரித்து உரித்து கட்டைவிரலில் கொப்புளம். அதை அக்காவிடம் பெருமையாகக் காட்டினான். கடைசியில் டிரேட் டெஸ்ட் என்ற தொழில் தேர்வில் தேறினால்தான் எலக்ட்ரீஷியன் சான்றிதழ்.

ஆண்டுச் சம்பளச் செலவு 5 லட்சம் ரேண்டைத் தாண்டும் முதலாளிகள் அதில் 1 சதவீதத்தைத் திறன் வரியாகக் கட்டுகிறார்கள். பயிற்சிக்கான பணம் அதிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் முதலாளியைத் தேடிப் பிடிப்பது பிள்ளையின் பொறுப்பாகவே இருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார், கிடைத்தது. அவனோடு படித்த பையன் ஐந்து மாதமாக அலைகிறான், அவனுக்கு யாருமில்லை. அரசு சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் ஆள் எடுப்பவர்கள் யாராவது தெரிந்தால், அந்தப் பையனுக்காகச் சொல்லுங்கள்.