தோற்கடித்த அணியிலேயே போய்ச் சேர்வது துரோகமா? டுரான்ட் விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை

வெள்ளவத்தை_11 கேட்டது:

அண்ணாமார், அக்காமார், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயில் என் அணி ஒக்லஹோமா தண்டரை விட்டு கெவின் டுரான்ட் போன பழைய கதைதான், ஆனால் இந்தக் கிழமை எனக்குத் திரும்பப் புதிதாகிவிட்டது.

2016 மே 29, ஞாயிற்றுக்கிழமை. அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன், பம்பலப்பிட்டியில் காலை ஒன்பது மணிக்கு இரசாயனவியல் வகுப்பு. ஒக்லஹோமாவில் சனி இரவு நடக்கும் ஆட்டம் எங்களுக்கு ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கும். முக்கால்வாசியை வீட்டில் பார்த்துவிட்டு மிச்சத்தை 101 பஸ்ஸில் ஃபோனில் பார்த்துக்கொண்டு போனேன். வாரியர்ஸுக்கு எதிரான, நாலு ஆட்டம் வெல்ல வேண்டிய அந்தத் தொடரில் தண்டர் 3-2 என்று முன்னால், நாலாவது கால்பகுதி தொடங்கும்போது எட்டுப் புள்ளி கூட, இன்னும் 12 நிமிடம் தாக்குப்பிடித்தால் இறுதித் தொடர். வாரியர்ஸின் கிளே தொம்சன் எங்கேயிருந்து எறிந்தாலும் விழுகிறது. காலி வீதியில் சிக்னல் போய்ப் போய் வரும், படம் அப்படியே நிற்கும், திரும்ப ஓடும்போது பார்த்தால் அந்த எட்டுப் புள்ளி நாலாகியிருக்கும். தொம்சன் மட்டும் 11 மூன்று புள்ளி, மொத்தம் 41. முடிவு 108-101. இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டி கொள்ளுப்பிட்டி வரைக்கும் போய்விட்டேன், திரும்ப நடந்துதான் வந்தேன். ஏழாவது ஆட்டத்திலும் தோற்றோம். 3-1 என்று முன்னால் இருந்த தொடர்.

ஐந்து கிழமை கழித்து, ஜூலை 4, எங்களுக்கு இரவு, கெவின் டுரான்ட் வாரியர்ஸுக்குப் போகிறேன் என்று அறிவித்தார். அந்தப் பருவம் 82 ஆட்டத்தில் 73ஐ வென்ற அணி. எங்களை வீட்டுக்கு அனுப்பிய அதே அணி.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், நாங்கள் சில பேர் கம்பனிகளுக்கு இடையிலான மேர்கன்டைல் போட்டிகளில் ஒரு சின்னக் கம்பனிக்கு விளையாடுகிறோம், நான்தான் கேப்டன். இந்த வருடம் அரையிறுதியில் நாலு புள்ளியில் தோற்றோம். எங்களில் நன்றாக எறிகிறவன், என்னுடன் பள்ளிக்கூடத்திலிருந்து விளையாடுகிறவன், அடுத்த மாதம் எங்களைத் தோற்கடித்த அந்தக் கம்பனிக்கே வேலைக்குப் போகிறான். வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பாம்புப் படமாகப் போட்டுத் தள்ளினார்கள். நான்தான் முதலில் போட்டேன்.

அவனுக்குப் போக உரிமை இருக்கிறது என்று தெரியும், டுரான்டுக்கும் இருந்தது. நான் கேட்பது வேறு. வேறெங்காவது போவதும், உன்னைத் தோற்கடித்தவனிடமே போவதும் ஒன்றா? என் கோபத்தில் நியாயம் இருக்கிறதா இல்லையா, நேரடியாகச் சொல்லுங்கள்.

பழைய_சென்டர் (கொட்டாஞ்சேனை):

தம்பி, அந்த ஆறாவது ஆட்டத்தில் டுரான்ட் 31 தடவை எறிந்து 10தான் போட்டார், அதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அந்தத் தோல்வியில் அவருக்கும் பங்கு இருந்தது. ஆனால் அதை விடுங்கள், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு.

டுரான்ட் ஒக்லஹோமாவில் தொடங்கவில்லை. 2007இல் அவரை எடுத்தது சியாட்டில் சூப்பர்சொனிக்ஸ். ஒரே ஒரு பருவம் அங்கே விளையாடினார், 2008இல் உரிமையாளர்கள் முழு அணியையும் தூக்கி ஒக்லஹோமாவுக்குக் கொண்டுபோனார்கள். சியாட்டிலில் அந்த அணி 41 வருடம் இருந்தது, 1979இல் கிண்ணமும் எடுத்தது. அப்பாவும் மகனுமாகப் போய்ப் பார்த்த குடும்பங்கள் எத்தனை இருந்திருக்கும், ஒரு கோடை விடுமுறையோடு முடிந்தது. உங்கள் தண்டர் அப்படி வந்த அணி. ஊரையே விட்டுப் போன உரிமையாளரை யாராவது பாம்பு என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சியாட்டில்காரர்கள் சொன்னார்கள், மற்றவர்கள் அதை வியாபாரம் என்றார்கள்.

அப்புறம் ஹார்டன். 2012 இறுதித் தொடருக்குப் போன அணியில் டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன் மூன்று பேரும் இருந்தார்கள், ஒருத்தருக்கும் 24 வயதைத் தாண்டவில்லை. அந்த ஒக்டோபரிலேயே ஹார்டனை ஹூஸ்டனுக்கு மாற்றிவிட்டார்கள், ஒப்பந்தத் தொகையில் உடன்பாடு வரவில்லை என்று. நிர்வாகம் அணியை உடைக்கும்போது கணக்கு, விளையாட்டுக்காரன் கிளம்பினால் துரோகம். நான் 20 வருடத்துக்கு மேல் இந்த விளையாட்டில் இருக்கிறேன், இந்த இரண்டு தராசு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. டொரொன்டோவுக்கு ஒன்பது பருவம் விளையாடி, இங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன டிமார் டிரோசனை 2018இல் மாற்றினார்கள். அடுத்த வருடமே கிண்ணம் எடுத்தார்கள், ஊரே கொண்டாடியது.

உங்கள் நண்பன் விஷயமும் அப்படித்தான் பார்ப்பேன். நாளைக்கு உங்கள் கம்பனி ஆள் குறைத்தால் கேப்டன் என்று பார்த்து உங்களை வைத்திருப்பார்களா?

மூன்றுபுள்ளி_ரசிகன்:

உரிமையாளர் செய்தது பிழை என்பதால் டுரான்ட் செய்தது சரியாகிவிடாது அண்ணா.

போட்டி என்று ஒன்று இருந்தால்தானே பார்ப்போம். 2017 பிளேஓஃபில், அதாவது கிண்ணத்துக்கான கடைசிச் சுற்றுகளில், வாரியர்ஸ் 16 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2018 இறுதித் தொடர் 4-0. அந்த இரண்டு வருடமும் நான் ஒரு நாள்கூட அலாரம் வைத்து எழும்பவில்லை, வேலைக்குப் போகும்போது ஸ்கோரை மட்டும் பார்த்தேன். டேர்க் நோவிட்ஸ்கி 21 பருவம் டலஸை விட்டு அசையவில்லை, 2011இல் லெப்ரோனும் வேடும் பொஷும் சேர்ந்திருந்த மியாமியை வென்றுதான் கிண்ணம் எடுத்தார். அந்த ஒரு கிண்ணத்தை டுரான்டின் இரண்டுக்கும் மேலே வைப்பேன்.

லெப்ரோனையும் ஏசினேன், ஆனால் 2010இல் அவரை வெளியேற்றியது பொஸ்டன், அவர் போனது மியாமிக்கு. தோற்கடித்தவன் வீட்டுக் கதவை அவர் தட்டவில்லை. நீங்கள் கேட்ட வித்தியாசம் இருக்கிறது, உங்கள் கோபம் சரி.

கணக்காளன்_கொழும்பு6:

இரண்டு பக்கமும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். அந்த ஒரு கோடையைத் தவிர வேறெப்போதும் இது நடந்திருக்காது.

என்பிஏயில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள வரம்பு இருக்கிறது. லீக்கின் வருமானத்தை வைத்துத்தான் அது கூடும் குறையும். 2014இல் புதிய தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டார்கள், ஒன்பது வருடத்துக்கு 24 பில்லியன் டொலர், 2016இலிருந்து அமுல். அவ்வளவு பணமும் ஒரே தடவையில் வந்து விழுந்ததால் வரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரே வருடத்தில் தாவியது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம் என்று லீக் கேட்டது, விளையாட்டு வீரர்களின் சங்கம் மறுத்தது. அந்த மறுப்பும் நியாயமானது என்றுதான் நினைக்கிறேன், உழைத்தவனுக்கு வரவேண்டிய பணத்தை ஏன் தள்ளிப்போட வேண்டும்? ஆனால் விளைவைப் பாருங்கள். முதல் நாள் வரை இடமே இல்லாத அணிகளிடம்கூட திடீரென்று 20 மில்லியனுக்கு மேல் இடம் வந்தது.

அதோடு ஸ்டெஃப் கரியின் சம்பளம். 2012இல் அவருக்குக் கணுக்கால் திரும்பத் திரும்பக் காயப்பட்டுக்கொண்டிருந்த நேரம், நாலு வருடத்துக்கு 44 மில்லியனுக்குக் கையெழுத்து வைத்தார். காயம் ஆறி, இரண்டு தடவை லீக்கின் சிறந்த வீரர் விருதும் எடுத்தார், ஆனாலும் 2016-17இல் அவர் சம்பளம் சுமார் 12 மில்லியன்தான். டுரான்டுக்கு 26.5 மில்லியன். கரி தன் பெறுமதிக்கு வாங்கியிருந்தால் டுரான்டுக்கு இடமே இருந்திருக்காது. இவ்வளவு இருந்தும் ஹரிசன் பார்ன்ஸை விட்டு, பொகட்டையும் டலஸுக்கு அனுப்பித்தான் இடம் எடுத்தார்கள்.

கரியின் கணுக்காலும் தொலைக்காட்சிப் பணமும் ஒரே வருடத்தில் சந்தித்தன. அந்த வாசல் திறந்திருந்தபோது டுரான்டின் ஒப்பந்தம் முடிந்தது, அவர் நுழைந்தார். இப்போது விதியை மாற்றிவிட்டார்கள், வரம்பு ஒரு வருடத்தில் 10 வீதத்துக்கு மேல் ஏற முடியாது. ஆகவே என் கோபம் முழுக்க 2016இன் கணக்கு மேல்தான், அந்த மனிதர் மேல் இல்லை.

வெள்ளவத்தை_11:

கணக்காளன் அண்ணா, கரியின் ஒப்பந்தம் இதில் இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு விளங்கியிருக்கவில்லை, நன்றி. பழைய சென்டர் அண்ணா, சியாட்டில் கதை தெரியும், ஆனால் ஒரு நாளும் அந்தப் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்த்ததில்லை, அது கொஞ்சம் குத்தியது. இருந்தாலும் மனதளவில் இன்னும் மூன்றுபுள்ளி மச்சான் பக்கம்தான் நிற்கிறேன்.

பொயின்ட்_கார்ட்_அக்கா:

தம்பி, டுரான்டைப் பிறகு பார்ப்போம். உங்கள் நண்பனுக்கு அங்கே கிடைத்த வேலை நிரந்தரமா? அதை யாராவது அவனிடம் கேட்டீர்களா?

நானும் மேர்கன்டைல் விளையாடியவள். எங்கள் வீட்டில் அப்பா இல்லை, தம்பி படித்துக்கொண்டிருந்தான். நான் இருந்த இடத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பந்தம் புதுப்பிப்பார்கள், விளையாட்டுப் பருவம் முடிந்ததும் என்ன ஆகும் என்று தெரியாது. எங்களை இறுதிப் போட்டியில் தோற்கடித்த கம்பனி கூப்பிட்டு நிரந்தர வேலையும் ஈபிஎஃப்பும் தருகிறோம் என்றது. போனேன். பழைய அணியில் என்னுடன் ஒரே பிளேன் டீயைப் பகிர்ந்து குடித்த பிள்ளை, அடுத்த வருடம் ஆட்டம் முடிந்து கைகொடுக்க வரிசையில் வரும்போது என்னிடம் மட்டும் கையை நீட்டாமல் முன்னால் போனாள். எத்தனை புள்ளியில் வென்றோம் என்பது மறந்துவிட்டது, நான் நீட்டிய கை அப்படியே நின்றது மறக்கவில்லை.

தோற்கடித்தவர்கள்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் உன் ஆட்டத்தை எதிரே நின்று பார்த்தவர்கள் அவர்கள்தான். வாரியர்ஸும் அப்படித்தான், கரி, தொம்சன், கிரீன், இகுவோடாலா நாலு பேரும் நேரே போய் உட்கார்ந்து கதைத்தார்கள். தாங்கள் வேண்டும் என்று நினைத்த ஆளைக் கேட்டார்கள், அவர் சரி என்றார்.

மூன்றுபுள்ளிக்கு ஒன்று. ரே அலனை மறந்துவிட்டீர்களா? 2012இல் அவர் விளையாடிய பொஸ்டன் மியாமியிடம் 3-2 என்று முன்னால் இருந்து, ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. அடுத்த மாதமே அலன் மியாமிக்குப் போனார். எல்லாம் டுரான்ட் கதைதான், ஆனால் 37 வயதை நெருங்கியவர் என்பதால் பொஸ்டனுக்கு வெளியே யாரும் பெரிதாக ஏசவில்லை. 2013இன் ஆறாவது ஆட்டத்தில், ஐந்து செக்கன் மிச்சம் இருக்கும்போது பின்னால் கால் வைத்து மூலையிலிருந்து போட்டாரே, அதுதான் மியாமிக்கு உயிர் கொடுத்தது.

பொஸ்டனில் அலனோடு விளையாடிய கெவின் கார்னெட் அவரோடு வருடக்கணக்காகக் கதைக்கவில்லை. சேர்ந்து கிண்ணம் எடுத்தவர்கள். 2022 மார்ச்சில் பொஸ்டனில் கார்னெட்டின் 5ஆம் இலக்கச் சட்டையை அவரைக் கௌரவித்து அரங்கில் மேலே ஏற்றிய விழாவுக்கு அலன் வந்தார், அங்கே வைத்துத்தான் கட்டிப்பிடித்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருடம். அதற்குள் இருவருமே விளையாட்டை விட்டுவிட்டார்கள். நீங்களும் அவ்வளவு காலம் எடுக்கப்போகிறீர்களா?

மூன்றுபுள்ளி_ரசிகன்:

அலன் விஷயத்தில் அக்கா சொன்னது சரி, அந்த மூலை ஷொட்டைப் பார்த்துத் துள்ளிக் குதித்தவன் நான், அப்போது எனக்குத் துரோகம் எதுவும் ஞாபகம் வரவில்லை. டுரான்ட் போனதைப் பற்றி என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒன்று, 2019இல் அவர் டொரொன்டோவில் குதிக்கால் தசைநார் அறுந்து உட்கார்ந்தபோது அரங்கில் சிலர் கை தட்டினார்களே, அதைப் பார்த்து எனக்கு வயிற்றைப் பிரட்டியது. ஒரு மாதக் காயத்துக்குப் பிறகு இறங்கி, 12 நிமிடம்தான் விளையாடியிருந்தார். டொரொன்டோ வீரர்களே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள், அதில் ஒருவர் இபாகா, ஒக்லஹோமாவில் டுரான்டோடு விளையாடியவர்.

அந்தப் பாம்புப் படங்களை அழித்துவிடு மச்சான்.

வெள்ளவத்தை_11:

நேற்று இரவே அழித்தேன். மற்றவர்கள் போட்டதை அழிக்க முடியாது, அவர்களிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன், ஒருத்தன் இன்னும் கேட்கவில்லை.

அக்கா, வேலை நிரந்தரம்தான். அவனுடைய அம்மாவுக்குக் கிழமைக்கு இரண்டு தடவை டயலிசிஸ், அந்தக் கம்பனியில் குடும்பத்துக்கும் மருத்துவக் காப்புறுதி உண்டு. டயலிசிஸ் விஷயம் எனக்கு முதலே தெரியும். பள்ளிக்கூட நாட்களில் அவர்கள் வீட்டில் எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டுதான் போட்டேன், அதுதான் இப்போது நெஞ்சில் நிற்கிறது.

டுரான்ட் மேல் வருத்தம் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். 2025 ஜூனில் தண்டர் ஏழாவது ஆட்டத்தில் இன்டியானாவை வென்று கிண்ணம் எடுத்தபோது திங்கட்கிழமை அதிகாலை ஐந்தரையிலிருந்து தனியாக இருந்து பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் முதலில் ஞாபகம் வந்தது அந்த 101 பஸ்தான். அன்றைக்கு முதலில் செய்தி போட்டவன் அவன்தான், "உன் அணி வென்றுவிட்டது, வேலைக்கு வராதே" என்று.

இன்று மத்தியானம் அவனுக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன், சரி விடு என்றான், அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே லைனில் நின்றோம். வியாழக்கிழமை பயிற்சிக்கு வரலாமா, இந்த மாதம் முடியும் வரைக்கும் உங்கள் ஆள்தானே நான் என்று கேட்டான். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். மற்றவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை, இன்றிரவு குழுவில் நானே எழுதுகிறேன்.