உண்ணி வைரஸ்: இயற்கைத் திரிபா, செல் வளர்ப்பில் வந்த மாற்றமா?

வரிசைவாசகன் (கேள்வி):
உண்ணிவழி மூளையழற்சி வைரஸ், ஐரோப்பியத் துணைவகை. உண்ணியை அரைத்தெடுத்த கரைசலை பிஎச்கே-21 செல்களில் (வெள்ளெலிச் சிறுநீரகச் செல்கள்) ஆறு சுற்று வளர்த்த பிறகுதான் மரபணுத்தொடரைப் படித்தோம். உறைப் புரதத்தில் ஓரிடத்தில் குளூட்டமிக் அமிலம் போய் லைசின் வந்திருக்கிறது. மரபணுத்தொடரின் 3 பிரைம் முனையில், அதாவது கடைசிப் பகுதியில், ஒரு துண்டு இல்லை. தோலடியில் செலுத்திய சுண்டெலிகள் பெரும்பாலும் பிழைக்கின்றன, மூளைக்குள் செலுத்தியவை சாகின்றன. 'வீரியம் குறைந்த புதிய திரிபு' என்று எழுதலாமா?

பிளேக்_எண்ணி:
இப்போதைக்கு வேண்டாம். எதிர்மின் அமினோ அமிலம் போய் நேர்மின் அமினோ அமிலம் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிஎச்கே செல்களின் மேற்பரப்பில் ஹெப்பரான் சல்பேட் என்ற சர்க்கரைச் சங்கிலி உண்டு, அது எதிர்மின். நன்றாக ஒட்டும் வைரஸே வளர்ப்பில் ஜெயிக்கும். விலங்கின் உடலில் அதே ஒட்டும் தன்மை வினையாகிறது: வைரஸ் திசுக்களில் சிக்கி ரத்தத்திலிருந்து சீக்கிரம் அகன்றுவிடும், மூளை வரை போய்ச் சேராது. நேராக மூளையில் விட்டால் அந்தத் தடை இல்லை. ஆக, குறைந்திருப்பது மூளையை எட்டும் திறன். மூளையைத் தாக்கும் திறன் அப்படியே இருக்கிறது. இரண்டையும் 'வீரியம்' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புவதுதான் இந்தத் துறையின் தீராத தலைவலி.

ஹெப்பரான் சல்பேட்டைப் போன்ற, கரையும் ஹெப்பாரினோடு வைரஸைக் கலந்து வைத்துவிட்டு பிளேக் (செல் படலத்தில் வைரஸ் உண்டாக்கும் ஓட்டைகள்) எண்ணுங்கள். எண்ணிக்கை சரிந்தால் காரணம் இதுதான்.

3 பிரைம் முனையின் மாறும் பகுதி வளர்ப்பில் குறுகுவது சகஜம். இதே வைரஸின் நியூடோர்ஃபல் போன்ற திரிபுகளில் அங்கே நீண்ட அடினின் வரிசை இருக்கும். துண்டுகளை இணைக்கும் கணினித் தொகுப்பு அதை விழுங்கிவிடவும் கூடும். அந்த இடத்தைத் தாண்டி ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்குவது) செய்து, ஜெல்லில் நீளத்தைப் பாருங்கள்.

ரீட்_ஆழம்:
அரைத்த மூலக் கரைசல் மிச்சம் இருந்தால் அதையே படியுங்கள். முதலில் ஆர்என்ஏ பிரதிகளை அளவிடுங்கள். 200 பிரதிகளை வைத்துக்கொண்டு 5,000 ரீட் ஆழம் (ஓர் இடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்ற எண்) காட்டினால் அது வெறும் மாயை, அதே மூலக்கூறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆர்டி வினையைத் தனித்தனியாக இரண்டு முறை செய்து, இரண்டிலும் வரும் மாற்றத்தை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பிரைமர் (பெருக்கத்தைத் தொடங்க நீங்கள் சேர்க்கும் குட்டி டிஎன்ஏ) உட்காரும் இடங்களை வெட்டிவிடுங்கள். அங்கே நீங்கள் படிப்பது உங்கள் பிரைமரைத்தான்.

காடுமேடு:
பிளேக்_எண்ணி சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. உண்ணியிலேயே தொடர்ந்து வளர்த்தபோதும் இதே மாதிரி மின்னேற்ற மாற்றம் தலைதூக்கியிருக்கிறது. மூலக் கரைசலில் லைசின் இருந்தால் அது இயற்கையாகவே வந்ததாக இருக்கலாம்.

இன்னொன்று, சுண்டெலி முடிவை மனிதருக்கு நீட்டாதீர்கள். வழக்கமான ஆய்வக எலி இனங்களில் வைரஸை எதிர்க்கும் ஓஏஎஸ்1பி மரபணு குறைபட்டது, இந்த வைரஸ் சேர்ந்த ஃபிளேவி வைரஸ் வகையில் பலவற்றுக்கு அவை எளிதில் விழும். ஐரோப்பியத் துணைவகைக்கு இறப்பு 1–2%, தூரக்கிழக்குத் துணைவகைக்கு 20–40% என்று சொல்கிறார்களே, அதிலும் கடுமையான நோயாளிகளை மட்டும் எண்ணிய சாய்வு கலந்திருக்கிறது.

வரிசைவாசகன்:
மூலக் கரைசல் தீர்ந்துவிட்டது. முதல் சுற்றுக் குப்பி மைனஸ் 80-இல் இருக்கிறது.

ரீட்_ஆழம்:
அதைப் படியுங்கள், பிறகு மூன்றாம் சுற்றையும். லைசினின் பங்கு சுற்றுக்குச் சுற்று ஏறினால் வளர்ப்பின் வேலை. முதல் சுற்றிலேயே முழுசாக இருந்தால் 'மூலத்தில் இருந்திருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரே சுற்றிலும் தேர்வு நடக்கும்.